வர்க்கி மட்டும் எப்படி இறங்குகிறது?

வாசகி ஒருவரின் கடிதம்:

"எனக்கு 42 வயது. கோத்தகிரி பக்கம் நானும் வீட்டுக்காரரும் பேக்கரியோடு சேர்ந்த டீக்கடை வைத்திருக்கிறோம். 14 மாதத்துக்கு முன்னால் கோவையில், எடை குறைவதற்காக இரைப்பையைச் சின்னதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். அப்போது 112 கிலோ. பத்தாவது மாதம் 76-க்கு வந்தேன். சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், முட்டி வலியும் போய்விட்டது. ஆனால் மூன்று மாதமாக எடை ஏறுகிறது, இப்போது 80. சோறு நாலைந்து வாய்க்கு மேல் இறங்குவதில்லை. நெஞ்சில் கல் வைத்த மாதிரி அடைக்கிறது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் நுரையாக வெளியே வந்துவிடுகிறது. எங்கள் கடையில் மைதாவில் அடுக்கு அடுக்காகச் சுடுகிற வர்க்கியை டீயில் நனைத்தால் அது மட்டும் சிரமமில்லாமல் போகிறது. காலை கடை திறக்கும்போது இரண்டு, எட்டு மணிக்கு இரண்டு, 11 மணிக்குக் கை நடுங்கி வியர்க்கும்போது ஒன்று, சாயங்காலம் இரண்டு, கடை அடைக்கும்போது ஒன்று. வேறு பெரிதாக எதுவும் சாப்பிடுவதில்லை. சத்து மாத்திரை குமட்டியதால் நாலு மாதமாகப் போடவில்லை. காலையில் எழுந்தால் கால் விரல்கள் மரத்துக் கிடக்கின்றன, அது இந்தக் குளிருக்காக இருக்கும். என் இரைப்பை விரிந்துவிட்டதா மேடம்? 'இவ்வளவு செலவு பண்ணியும் வாயைக் கட்ட முடியலையா' என்கிறார் வீட்டுக்காரர். அடுத்த மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். விருந்தில் என்ன செய்வது என்று இப்போதே பயமாக இருக்கிறது."

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டது இரைப்பையைப் பற்றி. நான் உங்கள் கால் விரலில் இருந்து ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நம் மலையில் கை, கால் மரத்தால் யாரும் கவலைப்பட மாட்டோம். மார்கழி, தை மாதத்தில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிற ஊரில் விரல் மரக்காமல் என்ன செய்யும்? இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் குளிரால் மரத்த விரல் அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். சத்துக் குறைவால் மரத்த விரல் வெயிலிலும் மரக்கும், போர்வைக்குள்ளும் மரக்கும். கடையில் விறகு அடுப்புக்கு முன்னால் நிற்கும்போதும் உங்கள் விரல் மதமதவென்று இருக்கிறதா, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே கவனியுங்கள். இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இந்த வாரமே டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வாந்தி. நாலு மாதமாக மாத்திரை இல்லை. சாப்பாடு என்று பார்த்தால் மைதாவும் சர்க்கரையும். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் முதலில் தீர்ந்துபோவது தயமின் என்கிற விட்டமின் பி1. உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். அது தீர்ந்தால் நரம்பு கெடும். நடை தள்ளாடுவது, பார்வை இரண்டு இரண்டாகத் தெரிவது, பேச்சில் குழப்பம், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், மறுநாள் காலை வரைக்கும் பொறுக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். நம் ஊரில் வாந்தி, அசதி என்று போனால் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்வோம். நீங்கள் அப்படிக் கேட்கக் கூடாது. தயமின் குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால், மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்ச தயமினையும் அது செலவழித்துவிடும். "எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அடிக்கடி வாந்தி எடுக்கிறேன், டிரிப் போடுவதற்கு முன்னால் தயமின் போட வேண்டுமா பாருங்கள்" என்று எந்த டாக்டரிடமும் தயங்காமல் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், மயங்கிக் கிடக்கிற நேரத்தில் உங்களால் சொல்ல முடியாது.

அப்புறம் பி12. உணவிலுள்ள பி12 உடம்பில் சேர இரைப்பையில் சுரக்கிற அமிலமும் ஒரு புரதமும் வேண்டும். இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்த பிறகு அவை இரண்டும் குறைந்துவிடும். முன்பு நீங்கள் போட்ட சுகர் மாத்திரை மெட்பார்மின் என்றால், பல வருஷம் போட்டிருந்தால் அதுவும் பி12-ஐக் குறைத்திருக்கலாம். ஆகவே சத்து மாத்திரை என்பது தெம்புக்காகக் கொஞ்ச நாள் போட்டு நிறுத்துகிற டானிக் இல்லை. ஆயுள் முழுக்க வேண்டும். குமட்டினால் மாற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் குமட்டுவது வெறும் வயிற்றில் போடுவதால், இல்லை என்றால் அதிலுள்ள இரும்புச்சத்தால். மென்று சாப்பிடுகிற வகை இருக்கிறது. நாக்குக்கு அடியில் வைக்கிற பி12 இருக்கிறது, ஊசியும் இருக்கிறது. வழி இத்தனை இருக்க, ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நாலு மாதம் நீங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு வருத்தம்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், பெரிட்டின் (இரும்புக் கையிருப்பு), பி12, போலேட், விட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின், எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) எல்லாம் இருக்கட்டும். தயமின் அளவு பார்க்கிற வசதி எல்லா இடத்திலும் கிடையாது. அதன் முடிவுக்குக் காத்திருக்காமலே டாக்டர் தயமின் கொடுக்க ஆரம்பிப்பார்.

சரி, இப்போது இரைப்பைக்கு வருவோம்.

விரிந்துவிட்டதா என்று கேட்டீர்கள். நாலைந்து வாய்ச் சோற்றுக்கே நெஞ்சு அடைக்கிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விரிந்த பை நாலு வாயில் அடைக்காது. காலப்போக்கில் எல்லோருக்கும் அது கொஞ்சம் இளகும், அது இயல்பு. ஒரு வருஷம் ஆனவர்கள் ஒரு வேளைக்கு ஏறக்குறைய ஒரு கப், அதாவது 200 மி.லி. அளவுக்குச் சாப்பிட முடிகிறது. நீங்கள் அந்த அளவைக்கூடத் தொடவில்லை. உங்களுக்கு இருக்கிற சிக்கல் வேறு.

ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடலாம். இரைப்பையில் 75-லிருந்து 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி நீளமான ஒரு குழாயை விட்டுவைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் அதில் 100 முதல் 150 மி.லி. பிடிக்கும். உங்கள் கடை டீ கிளாஸ் அளவுதான். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரந்த இடமும் வெட்டின பகுதியோடு போய்விட்டது. முதல் ஆறேழு மாதம் பசியே தெரியவில்லை என்று பலரும் சொல்வது அதனால்தான். பிறகு பசி மெல்லத் திரும்பி வரும். உங்களுக்கும் வந்திருக்கிறது. நீங்கள் வாயைக் கட்டாததால் வந்த பசி இல்லை அது. உடம்பு தன் கணக்கைத் திரும்பப் போட ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். இதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் அந்தக் குழாய் சின்னதாக இருப்பது கெட்டியான சாப்பாட்டுக்கு மட்டும்தான். கரைகிற பொருளுக்கு அது வெறும் வழி.

நாளைக்குக் கடையில் ஓய்ந்த நேரத்தில் ஒன்று செய்து பாருங்கள். இரண்டு கிளாஸில் சூடான டீ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வர்க்கியைப் போடுங்கள். இன்னொன்றில் அதே அளவுக்கு அவித்த முட்டைத் துண்டு. வர்க்கி முதலில் மேலே மிதக்கும், அடுக்கு அடுக்காக விரியும், கொழுப்பு வட்டம் வட்டமாக மேலே வந்து நிற்கும், பிறகு பொத்தென்று உட்கார்ந்துவிடும். ஸ்பூனால் ஒரு கலக்கு கலக்கினால் கூழ். முட்டை அப்படியே கிடக்கும். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தாலும் அப்படியே கிடக்கும். உங்கள் வயிற்றுக்குள் நடப்பதும் இதுதான். முட்டை அந்தக் குழாயில் தங்கி, 'போதும்' என்று சொல்ல வைக்கும். நனைந்த வர்க்கி அங்கே நிற்காமல் டீயோடு வழுக்கிக்கொண்டு குடலுக்குப் போய்விடும். குழாய் காலி, அடுத்த வர்க்கிக்கு இடம் தயார். சாப்பாட்டோடு எதையும் குடிக்காதீர்கள் என்று கோவையில் சொல்லி அனுப்பியிருப்பார்களே, அதற்கும் காரணம் இதுதான். தண்ணீரோ டீயோ சேர்ந்தால் கெட்டியான உணவையும் சீக்கிரம் தள்ளிக்கொண்டு போய்விடும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாளைக்கு எட்டு வர்க்கி. ஒன்று 25 கிராம் என்று வைத்தால் 200 கிராம். மைதா, சர்க்கரை, வனஸ்பதி சேர்ந்த பண்டத்தில் 100 கிராமுக்கு சுமார் 450 கலோரி, ஆக 900. கூட ஐந்து டீ, இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம் சர்க்கரை, அது 200 கலோரி. பாலைச் சேர்க்காமலே 1,100 ஆகிவிட்டது. அதில் புரதம் எவ்வளவு? சுமார் 13 கிராம். உங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 60 முதல் 80 கிராம். எடை ஏறிக்கொண்டிருக்கும்போதே உங்கள் தசை பட்டினி கிடக்கிறது. "வேறு பெரிதாக எதுவும் சாப்பிடுவதில்லை" என்று நீங்கள் எழுதியது பொய்யே இல்லை. தட்டில் குறைவாகத்தான் இருந்தது.

11 மணி நடுக்கத்துக்கும் இதே வர்க்கிதான் காரணமாக இருக்க வேண்டும். எட்டு மணிக்கு இனிப்பு டீயும் மைதாவும் சரசரவென்று குடலுக்குள் இறங்குகின்றன, ரத்தத்தில் சர்க்கரை ஒரே ஏற்றமாக ஏறுகிறது, உடம்பு பதறி இன்சுலினை அள்ளி விடுகிறது. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை அளவு தடாலென்று இறங்குகிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. அப்போது நீங்கள் இன்னொரு வர்க்கி சாப்பிடுகிறீர்கள். நடுக்கம் நிற்கிறது, அடுத்த சுற்று ஆரம்பிக்கிறது. பழைய குளுக்கோமீட்டர் வீட்டில் இருக்குமே, நடுங்கும்போது ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து நேரத்தோடு எழுதி வையுங்கள், டாக்டருக்கு அது ரொம்ப உதவும். அளவு 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். தெளிந்ததும் ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ சாப்பிடுங்கள், மறுபடி இறங்காமல் அது பிடித்து நிறுத்தும். காலைச் சாப்பாடு மாறினால் இந்த நடுக்கம் பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும்.

வர்க்கியைப் பற்றி இவ்வளவு சொல்வதால் அதன் மேல் எனக்கு ஏதோ கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பிறந்து வளர்ந்தது குன்னூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில். வேலைக்குப் போகிற அவசரத்திலும் அம்மா எனக்கென்று ஒரு வர்க்கியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் போவார். 2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று பட்டம் வாங்கின மாதிரி இருந்தது. அதைச் சுட்டு விற்கிற உங்களிடம் 'இனிமேல் தொடவே கூடாது' என்று சொல்லவும் மாட்டேன், சொன்னாலும் நடக்காது. பத்து நாளைக்கு ஒருமுறை, சாப்பாடு முடிந்து அரை மணி கழித்து, டீயில் நனைக்காமல், உட்கார்ந்து, அடுக்கு அடுக்காகப் பிய்த்து மென்று ஒன்று சாப்பிடுங்கள். பசிக்கு வர்க்கி என்பது மட்டும் இன்றோடு போதும்.

சோறு ஏன் திரும்பி வருகிறது? நீங்கள் எழுதாமல் விட்டதை நானே கேட்கிறேன். மத்தியானம் எங்கே சாப்பிடுகிறீர்கள்? கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதானே? பஸ் வந்து நின்றால் பத்துப் பேர் டீ கேட்பார்கள், அதற்குள் நாலு கவளத்தை விழுங்கிவிட வேண்டும். குழைந்த சோறு மெல்லாமல் போனால் களிமண் உருண்டை மாதிரி குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு அதைத் தள்ள எச்சிலையும் சளியையும் சுரந்துகொண்டே இருக்கும். நீங்கள் பார்க்கிற நுரை அதுதான். பரோட்டா, பிரெட், உலர்ந்த கோழித்துண்டு எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

ஆனாலும் இது அவசரத்தால் மட்டும்தான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவுகட்ட மாட்டேன். குழாயில் எங்காவது சுருக்கமோ முறுக்கோ இருந்தாலும் கெட்டிச் சாப்பாடு அடைக்கும், கரைசல் மட்டும் போகும். உங்களுக்கு நடப்பதும் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டி, எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்று கேட்டே ஆக வேண்டும். புளித்த ஏப்பம், படுத்தால் நெஞ்சு எரிச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு அது வரக்கூடியதுதான்.

டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் ஒரு வாரம் இப்படிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கடையின் பின்பக்கம் ஒரு முக்காலி போடுங்கள். காலைக் கூட்டம் ஓய்கிற ஒன்பது, ஒன்பதரை மணிக்கு இருபது நிமிஷம், மத்தியானம் இருபது நிமிஷம், அந்த நேரம் கல்லா வீட்டுக்காரருடையது. இது மருந்துச்சீட்டில் எழுதின மாதிரி என்று அவரிடம் சொல்லுங்கள். பெரிய தட்டு வேண்டாம். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற கிண்ணம் ஒன்று, சின்ன ஸ்பூன் ஒன்று. இப்போதைக்கு உங்கள் டீ கிளாஸ் அளவு உணவு போதும். அதில் பாதிக்கு மேல் முட்டை, மீன், பருப்பு மாதிரி புரதம். மிச்சத்தில் குழைய வெந்த காய், கடைசியில் இரண்டு மூன்று ஸ்பூன் சோறு. புரதத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் சோற்றுக்கு வர வேண்டும். இடம் இல்லை என்றால் சோறு மிஞ்சட்டும். நமக்கு இதுதான் கஷ்டம், தெரியும். சோற்றைத்தானே சாப்பாடு என்கிறோம், மற்றதெல்லாம் 'தொட்டுக்க'. இனி உங்களுக்கு மீன்தான் சாப்பாடு, சோறு தொட்டுக்க.

ஒரு வாய் என்பது அவரைக்கொட்டை அளவு. மென்று மென்று கூழாக்கி விழுங்குங்கள். ஸ்பூனைக் கீழே வையுங்கள். அடுத்த வாய்க்கு முன்னால் மனசுக்குள் இருபது எண்ணுங்கள். அடைப்பு திடீரென்று வருவதில்லை, முன்கூட்டியே ஆள் அனுப்பும். சிலருக்கு விக்கல் எட்டிப் பார்க்கும், சிலருக்கு மூக்கு ஒழுகும், சிலருக்குத் தும்மலோ பெருமூச்சோ வரும், சிலருக்கு நெஞ்செலும்புக்குக் கீழே லேசாக ஓர் அழுத்தம் தெரியும். உங்களுக்கு எது என்று மூன்று நாள் கவனித்தால் பிடிபட்டுவிடும். அது வந்ததும் நிறுத்த வேண்டும். "இன்னும் ஒரே ஒரு வாய்தானே, வீணாகப் போகுதே" என்கிற அந்த வாய்தான் நுரையாகத் திரும்புகிறது.

60 கிராம் புரதம் எங்கிருந்து வரும்? காலையில் இரண்டு முட்டை, ஒரே தடவையில் முடியாவிட்டால் பிரித்து, 12 கிராம். 11 மணிக்குச் சர்க்கரை போடாத பால் 150 மி.லி., 5 கிராம். மத்தியானம் குழம்பில் வெந்த மீன் 60 கிராம், அது ஒரு 13. முள் நீக்கின மீன் ஈரப்பதத்தோடு மெத்தென்று இருப்பதால் கோழியைவிட நன்றாக இறங்கும். கூடவே கெட்டிப் பருப்பு, ஒரு 5 கிராம். சாயங்காலம் நன்றாக வெந்த சுண்டல் அரைக் கிண்ணம், 7 கிராம், தோல் உறுத்தினால் மசித்துக்கொள்ளுங்கள். ராத்திரி 50 கிராம் பன்னீரோ, கைமாவாகக் கொத்திச் சமைத்த கோழியோ, 9 முதல் 12. கெட்டித் தயிர் அரைக் கிண்ணம், 4. படுக்கப் போகிறதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மறுபடி கொஞ்சம் பால். கூட்டிப் பாருங்கள், வந்துவிட்டது. அவரை சீசனில் பிதுக்கம்பருப்புக் குழம்பு வையுங்கள். தோல் போன அந்தப் பருப்பு வெண்ணெய் மாதிரி வேகும், உங்களுக்கென்றே செய்தது போல. நம் மலைப் பச்சைப் பட்டாணியும் அப்படித்தான். வெண்ணெய்ப் பழம் (அவகாடோ) நல்லதுதானே என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கொழுப்புதான், ஆனால் அதுவும் வழுக்குகிற சாப்பாடு, இரண்டு ஸ்பூனோடு நிற்கட்டும். பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்த ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

நான் சொன்ன இந்த நேரங்களுக்கு நடுவே வாயில் தண்ணீர் தவிர எதுவும் போகக் கூடாது. பேக்கரியில் நிற்கிறவருக்கு இது எவ்வளவு கடினம் என்று எனக்குப் புரிகிறது. உடைந்த பிஸ்கட், ஓரம் கருகின கேக், ருசி பார்க்கிற மிக்சர், எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில். உடைந்ததைப் போடுகிற டப்பாவைக் கல்லாப் பக்கத்திலிருந்து எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். மனசை அடக்குவதைவிட டப்பாவை நகர்த்துவது சுலபம்.

தண்ணீர் விஷயத்தில் இந்தக் குளிர் நமக்கு எதிரி. தாகமே தெரியாது. ஆனாலும் நாளைக்கு ஒன்றரை லிட்டராவது போக வேண்டும். பிளாஸ்கில் சீரகம் போட்ட வெந்நீர் வைத்துக்கொண்டு வாய் வாயாகக் குடியுங்கள். சாப்பிடும்போதும், சாப்பாடு முடிந்து அரை மணி நேரமும் மட்டும் தொடக் கூடாது. டீயை இரண்டாகக் குறைத்து, சர்க்கரையை வாரம் அரை ஸ்பூனாக இறக்குங்கள். சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் டீ சேரக் கூடாது, அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பும் கால்சியமும் ஒன்றுக்கொன்று ஆகாது, இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். மேடு ஏறி இறங்கி முட்டி வலித்தால் மருந்துக்கடையில் டைக்ளோபெனாக், ஐபுப்ரூபன் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், இரைப்பையில் புண் வரும்.

கல்யாணத்துக்கு வருகிறேன். இது தனிக் கதை.

நம் பக்கம் விருந்தில் இலையைப் பார்த்துத்தான் பாசத்தை அளப்பார்கள். குறைவாகச் சாப்பிட்டால் சமைத்தவர் மனசு சங்கடப்படும், 'உடம்புக்கு என்ன' என்று நாலு பேர் கேட்பார்கள், 'ஆபரேஷன் பண்ணியும் இப்படியா' என்று இரண்டு பேர் முணுமுணுப்பார்கள். இதற்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மண்டபத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு முட்டையோ தயிரோ சாப்பிட்டுப் போங்கள். கடைசிப் பந்தியில் உட்காருங்கள், அவசரப்படுத்த ஆள் இருக்காது. தனி இலை வேண்டாம், உங்கள் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அந்த இலையிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பிரியாணி என்றால் கறித்துண்டும் தயிர்ப் பச்சடியும் மட்டும். சைவம் என்றால் கூட்டு, கெட்டிப் பருப்பு. பாயசம் ஒரே ஸ்பூன், அதுவும் கடைசியில். யாராவது 'இன்னும் கொஞ்சம்' என்று கரண்டியை நீட்டினால் இலையை மறைத்துப் போராட வேண்டாம். "அக்கா, இப்ப இறங்காது, எனக்குன்னு ஒரு பொட்டலம் கட்டி வையுங்க, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கொடுத்த சந்தோஷம் அவருக்குக் கிடைத்துவிடும். பொட்டலத்தை வீட்டில் யார் சாப்பிட்டால் என்ன?

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் மனைவி 36 கிலோ குறைத்திருக்கிறார், சுகர் மாத்திரையை விட்டிருக்கிறார். ஒன்றரை, இரண்டு வருஷத்தில் கொஞ்சம் எடை திரும்புவது நிறையப் பேருக்கு நடப்பதுதான். நாலு கிலோவில் சுதாரித்துக் கடிதம் எழுதியிருக்கிறாரே, அது பெரிய விஷயம். அவருக்கு இப்போது தேவை அந்த இருபது நிமிஷ முக்காலி. கடையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சகோதரி, முதலில் பக்கத்து டாக்டரிடம் காட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வந்ததும் கீழே கோவைக்குக் கிளம்புங்கள். ஆபரேஷன் டிஸ்சார்ஜ் தாள், பழைய மாத்திரை அட்டை, குளுக்கோமீட்டர் எழுதின தாள் மூன்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் என்ன சாப்பிட்டபோது வாந்தி வந்தது என்று இந்த வாரம் முழுக்க ஒரு நோட்டில் குறித்து, அதையும் காட்டுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரட்டாமல் இருக்க முன் சீட்டில் உட்காருங்கள், பஸ் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்லியிருந்தால் மட்டும் அங்கே கேட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு போக வேண்டியிருக்கும். ரத்த முடிவு கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், மாத்திரைகளை எந்த நேரத்தில் எதோடு போடுவது என்று உங்கள் கடை நேரத்துக்குத் தகுந்தபடி ஓர் அட்டவணை போட்டு அனுப்புகிறேன்.